கறுத்துப் பிசுபிசுக்கும் ரைஃபிள் கட்டை: உப்புத்தாளை எடுக்கும் முன்

வாசகர் கேள்வி: தாத்தா வைத்திருந்த லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ரைஃபிள் முறைப்படி உரிமத்தோடு என் பெயருக்கு மாறியிருக்கிறது. மரம் முழுவதும் கறுத்துவிட்டது. கையில் பிடித்தால் பிசுபிசுக்கிறது. பின்கட்டையில் நாலைந்து இடங்களில் அடிபட்ட பள்ளங்கள். தெரிந்த தச்சர் ஒருவர், 80 நம்பர் உப்புத்தாள் போட்டு இழுத்துவிட்டு பாலியூரிதேன் அடித்தால் புதிதுபோல ஆகிவிடும் என்கிறார். ஆளிவிதை எண்ணெய்தான் பூச வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி, எந்த வரிசையில் செய்ய வேண்டும்? முன்கட்டையின் பின்முனையில், டிரிகருக்கு மேலே, முடி அளவுக்கு ஒரு கோடும் தெரிகிறது. அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

பதில்:

கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே அந்தக் கோடு, அதுதான் இதில் முதல் வேலை. அது சரியாகும்வரை இந்த ரைஃபிளில் ஒரு தோட்டா கூடச் சுட வேண்டாம்.

காரணம் இதுதான். இந்த ரகத்தில் மரம் ஒரே துண்டு இல்லை. பின்கட்டை தனி, முன்கட்டை தனி, குழலுக்கு மேலே இரண்டு மேல்கட்டைகள் தனி. சுடும்போது வரும் பின்னுதையை முன்கட்டையின் பின்முனைக்கு உள்ளே, ரிசீவரை (குழலும் போல்ட்டும் சேரும் எஃகு உடலை) ஒட்டி, இடமும் வலமுமாக இருக்கும் இரண்டு சிறிய மரப் பரப்புகள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் விரல் நக அளவுதான். பல பத்தாண்டுகளாகத் துப்பாக்கி எண்ணெய் வழிந்து தேங்கியதும் அதே இடம்தான். கனிம எண்ணெய் ஊறிய மர நார் காலப்போக்கில் மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்ற மரம் உதையில் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு முன்கட்டைக்கு முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கும். பிறகு அதன் பின்முனை, பின்கட்டை செருகி நிற்கும் எஃகுச் சாக்கெட்டில் போய் மோதும், அங்கே மர ரேகை வழியே பிளக்கும். உங்கள் கையில் ஒட்டும் பிசுக்கும், முடி அளவுக் கோடும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். மேலே மட்டும் இழைத்துப் பாலியூரிதேன் அடித்தால் நோய் அப்படியே உள்ளே இருக்கும். எண்ணெய் ஊறிய மரத்தில் அந்தப் படலம் ஒழுங்காகப் பிடிக்கவும் பிடிக்காது.

80 நம்பர் உப்புத்தாள் மேசைக்கும் கதவுக்கும் சரி. இங்கே அதன் கீறலை எடுக்கவே அரை மில்லிமீட்டர் மரம் போய்விடும். இந்தக் கட்டைகளைச் செய்தபோது மரத்தை எஃகைவிட ஒரு மயிரிழை உயரமாக விட்டிருப்பார்கள். சாக்கெட், பின்தகடு (தோளில் படும் உலோகத் தகடு), நோஸ்கேப் (முன்கட்டையின் நுனியை மூடும் உலோகத் தொப்பி) ஆகிய இடங்களில் விரலை ஓட்டினால் அது தெரியும். ஒருமுறை மரம் எஃகுக்குக் கீழே இறங்கிவிட்டால் திரும்ப ஏற்ற வழியே இல்லை. பின்கட்டையில் குத்தியிருக்கும் ஆய்வாளர் முத்திரைகளும், நீளத்தைக் குறிக்கும் எழுத்தும் மிக ஆழமில்லாதவை. அவையும் தூசோடு போய்விடும். பழைய ராணுவ ரைஃபிளின் மதிப்பில் பாதி அந்த முத்திரைகளில்தான் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம்.

மேகசினை எடுங்கள். போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரல் விட்டுத் தொட்டுப் பார்த்துக் காலி என்று உறுதி செய்யுங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துத் தனியே பூட்டி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகு முனையின் அகலமும் தடிமனும் திருகுக் காடிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஆப்பு வடிவில் சரிந்திருக்கும் சாதாரண முனை காடியிலிருந்து எகிறி விளிம்பைக் கடித்துவிடும். பக்கங்கள் இணையாகத் தீட்டிய முனைதான் வேண்டும். இறுகிப்போன திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் 2 சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். அதிகம் விட்டால் அதுவும் மரத்துக்குள்தான் போகும்.

நோஸ்கேப், நடுவளையம், மேல்கட்டைகள் என்று முன்னாலிருந்து கழற்றி வாருங்கள். பின் மேல்கட்டை குழலை ஒரு ஸ்பிரிங் கிளிப்பால் கவ்வியிருக்கும். ஒரு மூலையை நெம்பினால் அதன் காது உடையும், ஆகவே இரு பக்கமும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். முன்கட்டையின் அடியில் நடுவே இருக்கும் திருகு ஒரு சிறு ஸ்பிரிங்கோடு வரும். குழல் ஓடும் பள்ளத்தின் முன்பகுதியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு முளையும் இருக்கும். இரண்டும் தரையில் உருண்டால் தேடித் தீராது. டிரிகர் கார்டின் முன்திருகைக் கழற்றும்போது அது நுழையும் உலோகக் குழாய்த்துண்டு மரத்திலேயே இருக்கிறதா, கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். மரம் எவ்வளவு இறுக வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் துண்டின் நீளம்தான். அது இல்லாமல் பூட்டினால் திருகு மரத்தை நசுக்கிக்கொண்டே போகும்.

முன்கட்டையை எடுக்கும்போது குழல் முனைப் பக்கத்தை மட்டும் பிடித்துக் கீழே வளைக்காதீர்கள். உதை தாங்கும் பரப்புகள் அந்த நெம்பலில்தான் சிதறும். பின்முனையையும் கையால் தாங்கி, முழுக்கட்டையும் ஒரே மட்டத்தில் இறங்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்.

பின்கட்டையைக் கழற்றுவது இதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பின்கட்டையைப் பிடித்திருப்பது அதன் உள்ளே நீளமாக ஓடும் ஒரு ஸ்டாக் போல்ட். அதன் முன்முனை சதுரமாக இருக்கும். அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்முனையில் பதித்த ஒரு சிறு தகட்டின் காடியில் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருகினால் சதுரம் தகட்டைத் திருப்பும், தகடு மரத்தைப் பிளக்கும். உங்கள் முன்கட்டையில் இருக்கும் விரிசலே எப்போதோ யாரோ இப்படித் திருகியதால் வந்ததாகவும் இருக்கலாம். முன்கட்டை வெளியே வந்ததும் பின்தகட்டின் மூடியைத் திறந்து, உள்ளே அடைத்திருக்கும் தோல் வட்டை எடுங்கள். 30 சென்டிமீட்டர் நீளமாவது உள்ள தட்டைத் திருப்புளியைக் காடியில் சரியாக உட்கார வைத்துக் கழற்றுங்கள். தோல் வட்டு உள்ளே இருக்கும்போதே திருப்புளியைக் குத்திவிட்டு, காடி கிடைக்கவில்லை என்று மரத்தைத் துளைப்பவர்கள் அதிகம்.

இப்போது மேலே இருப்பது என்ன பூச்சு என்று பார்க்க வேண்டும். இந்த ரைஃபிள்களுக்கு ஆலையில் கொடுத்தது வெறும் பச்சை, அதாவது காய்ச்சாத, ஆளிவிதை எண்ணெய்தான். ஆனால் இடையில் யார் எதைப் பூசினார்கள் என்று சொல்ல முடியாது. கண்ணில் படாத அடிப்பக்கத்தில், பின்தகட்டுக்கு அருகே, பஞ்சால் சோதியுங்கள். முதலில் மினரல் டர்பன்டைன். பஞ்சு பழுப்பாகி அடியில் மரம் மங்கலாகத் தெரிந்தால், மேலே இருப்பது கிரீஸும் எண்ணெய் அழுக்கும். அதில் அசையாவிட்டால் ஸ்பிரிட். பூச்சு இளகி ஒட்டினால் அது ஷெல்லாக். அதிலும் அசையாமல் அசிட்டோனில் கரைந்தால் லாக்கர். எதற்கும் மசியாமல் கண்ணாடிபோல நின்றால் வார்னிஷோ பாலியூரிதேனோ.

நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பு முதல் வகையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கிடங்கில் வைக்கும்போது பூசிய கிரீஸ் உள்ளே இறங்கி, வெயில் நாளில் கசிந்து, தூசியைப் பிடித்துக்கொண்டு கறுத்திருக்கும். இல்லையென்றால் முன்பு யாரோ ஆளிவிதை எண்ணெயைத் தடிமனாகப் பூசித் துடைக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மினரல் டர்பன்டைனில் நனைத்த சாம்பல் நிற நைலான் தேய்ப்பு அட்டையும், நிறைய வெள்ளைத் துணியும். ரேகைப் போக்கிலேயே தேய்த்து உடனே துடையுங்கள். துணியில் வரும் நிறம் கரும்பழுப்பிலிருந்து தேன் நிறத்துக்கு வரும்வரை செய்யுங்கள். எஃகுக் கம்பளி வேண்டாம். அதன் பொடித் துகள்கள் கட்டையின் வால்நட் மரத் துளைகளில் சிக்கிக்கொள்ளும். பிறகு ஈரம் பட்டதும் துருப்பிடித்து, மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கறுப்புப் புள்ளிகளாகும்.

சோதனையில் வார்னிஷ் வகை என்று தெரிந்தால் மட்டும் ஜெல் பெயின்ட் ரிமூவர் பூசி, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். காஸ்டிக் கலந்த அடுப்பு சுத்திகரிப்பானை அடிக்கச் சொல்லும் யோசனை அடிக்கடி காதில் விழும். கேட்க வேண்டாம். காரம் மர நாரைச் சிதைக்கும், வால்நட்டைப் பச்சை கலந்த கறுப்பாக்கும். உள்ளே மிஞ்சிய காரம் பின்னால் பூசும் ஆளிவிதை எண்ணெயைச் சோப்பாகவும் மாற்றிவிடும். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடுவது அதைவிட மோசம். முன்கட்டை முறுக்கிக்கொண்டு வெளியே வரும்.

இந்தக் கட்டத்தில் ஒரு நாள் காயவைத்துவிட்டுக் கட்டையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்தில் ஏழு கட்டைகளுக்கு வெளிப்புறத்தில் இதற்குமேல் எதுவும் தேவைப்படாது என்பது என் கணிப்பு. கறுப்புக்கு அடியில் செம்பழுப்பாக ஒரு நிறம் வந்திருக்கும். அது பல வருடம் காற்றில் முதிர்ந்த ஆளிவிதை எண்ணெயின் நிறம். எந்தச் சாயத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது.

வெளிப்புறம் முடிந்தது, உள்ளே ஊறிய எண்ணெய் இன்னும் இருக்கிறது. முன்கட்டையின் பின்முனை, ரிசீவர் உட்காரும் குழி, பின்கட்டை சாக்கெட்டுக்குள் நுழையும் முனை ஆகிய மூன்றும் கறுத்துக் கொழகொழவென்று இருக்கும். பசை பிடிக்க வேண்டுமானால் இந்த எண்ணெய் வெளியே வந்தாக வேண்டும். கால்சியம் கார்பனேட் தூளை, அதாவது பெயின்ட் கடையில் வொயிட்டிங் பவுடர் என்று கிடைப்பதை, அசிட்டோனில் தோசைமாவுப் பதத்துக்குக் குழையுங்கள். கறுத்த இடங்களில் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனாக அப்புங்கள். திறந்த வெளியில், நெருப்பே இல்லாத இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். அசிட்டோன் உள்ளே இறங்கி எண்ணெயை இளக்கும். அது ஆவியாகி வெளியே வரும்போது எண்ணெயையும் மேலே இழுத்து வரும், தூள் அதைக் குடித்துக்கொள்ளும். காய்ந்த தூள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். பல் துலக்கும் பிரஷால் தட்டி உதிர்த்துவிட்டுப் புதிதாக அப்புங்கள்.

அசிட்டோன் வாசம் அறவே போன பிறகு ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டினால் இன்னும் கொஞ்சம் கசியும். வாசம் இருக்கும்போதே காட்டினால் தீப்பிடிக்கும். சூடும் கை பொறுக்கும் அளவைத் தாண்டக் கூடாது. மோசமாக ஊறிய கட்டைக்கு நாலு, ஐந்து சுற்றுகூட ஆகும். தூள் வெள்ளையாகவே காய்ந்து உதிர்ந்தால் நிறுத்தலாம். சுத்தமான மரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக எதிர்த்தால் மரம் பிழைத்தது. நகம் பதிந்து தடம் நின்றால் அந்தப் பகுதி நார் செத்துவிட்டது, அதை வெட்டி எடுத்துப் புது மரம் பதிக்கத்தான் வேண்டும்.

விரிசலுக்கு வருவோம். கோட்டின் இரு பக்கமும் மெல்ல அழுத்தி, அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஸ்பிரிட்டை ஒரு துணியால் தடவினால் மரம் சீக்கிரம் உலரும், கோட்டில் மட்டும் ஈரம் சில விநாடி கூடுதலாக நிற்கும். அப்படித்தான் அதன் உண்மையான நீளம் தெரியும். கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகமாகவே இருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் விரிசலுக்குள் அசிட்டோனைப் பாய்ச்சிக் கழுவுங்கள். ஒரு நாள் உலர விடுங்கள். மெதுவாக இறுகும் எபாக்சிதான் வேண்டும். 5 நிமிட எபாக்சி உள்ளே இறங்குவதற்குள் கெட்டியாகிவிடும், வலுவும் குறைவு. கலந்த எபாக்சியை வெந்நீரில் வைத்த சிறு கிண்ணத்தில் இளக்கி, மரத்தையும் லேசாகச் சூடாக்கி, கோட்டின் மேல் விடுங்கள். மரம் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி எபாக்சியை உறிஞ்சும். விரிசலைத் திறந்து மூடித் திறந்து மூடி, மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை விட்டுக்கொண்டே இருங்கள். பிறகு சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுகச் சுற்றுங்கள். வழிந்ததை ஸ்பிரிட் துணியால் உடனே துடையுங்கள். 24 மணி நேரம் தொடக் கூடாது. விரிசல் 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பசை மட்டும் போதாது. குறுக்கே 3 மில்லிமீட்டர் துளையிட்டு, மரை போட்ட பித்தளைக் கம்பியை எபாக்சியில் தோய்த்துச் செருக வேண்டும். முனைகள் மரத்துக்குள் சற்றுப் பதிந்தே நிற்கட்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்த ரைஃபிளை இந்தியாவில் செய்த இஷாப்பூர் ஆலையே முன்கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்குத் திருகு வைத்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை, மென்மையான உள்ளூர் மரத்துக்கு மாறியபோது, உதை தாங்கும் பரப்பில் செம்புத் தகடு பதித்தது.

பசை இறுகியதும் முன்கட்டையை ரிசீவரில் உட்கார வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அசைவே இருக்கக் கூடாது. பின்முனைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு தடித்த காகிதம் நுழையும் இடைவெளியும் இருக்க வேண்டும். அசைந்தாலோ, காகிதம் நுழையாவிட்டாலோ, பரப்புகள் நசுங்கியிருக்கின்றன என்று பொருள். அந்த வேலையைக் கடைசியில் சொல்கிறேன்.

பின்கட்டைப் பள்ளங்களைத் தூர்க்க வேண்டாம், எழுப்பலாம். அடிபட்ட இடத்தில் நார் அறுந்திருக்காது, நசுங்கித்தான் இருக்கும். நீராவி பட்டால் உப்பி எழும். பருத்தித் துணியை நனைத்து நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் மட்டும் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் 3, 4 விநாடி தொடுங்கள். சீறல் நின்றதும் எடுத்துவிட வேண்டும். துணி உலர்ந்த பிறகும் வைத்திருந்தால் மரம் கருகும். மீண்டும் நனைத்து ஐந்தாறு முறை செய்யுங்கள். ஆழம் பாதியாகக் குறைவதை அன்றே பார்க்கலாம், மீதியை மறுநாள் உலர்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். கூர்மையான விளிம்போடு வெட்டுப்பட்ட காயம் எழாது, அதை விட்டுவிடுங்கள். முத்திரைகளுக்கு அருகே நீராவியே வேண்டாம். முத்திரையும் மரத்துக்கு ஒரு பள்ளம்தான், அதுவும் எழுந்து மறைந்துவிடும்.

இரும்பு பட்டு வந்த நீலக்கறுப்புக் கறை மட்டும் மிஞ்சினால், ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து பிளாஸ்டிக் பிரஷால் தடவி, கறை மங்கியதும் மூன்று முறை சுத்தமான தண்ணீரால் துடைத்தெடுங்கள். அது விஷம். கையுறை கட்டாயம். சரியாகக் கழுவாமல் பிறகு தேய்த்தால் பறக்கும் தூசு மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். எண்ணெய்க் கறுப்பை இந்த அமிலம் எடுக்காது.

உப்புத்தாளுக்கு இப்போதுதான் இடம், அதுவும் தேவைப்பட்டால். நீராவி பட்ட இடங்களில் நார் சிலிர்த்து நிற்கும். 320 நம்பர் தாளை ஒரு ரப்பர் கட்டையில் சுற்றி, ரேகைப் போக்கில், அந்த இடங்களில் மட்டும் நாலு இழுப்பு. விரலால் நேரடியாக அழுத்தித் தேய்த்தால் மென்மையான ரேகை குழிந்து கடினமான ரேகை மேடாக நிற்கும். எண்ணெய் பட்டதும் அது அலை அலையாகக் காட்டிக்கொடுக்கும். பின்தகட்டின் ஓரத்தில் தேய்ப்பதானால் தகட்டை மாட்டிவிட்டுத் தேயுங்கள், இல்லையென்றால் விளிம்பு உருண்டுவிடும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், வால்நட் தூசு பலருக்கு ஒத்துக்கொள்ளாது. சாயம் வேண்டாம். வால்நட்டுக்கு அது தேவையில்லை, கட்டைகளில் ஒன்று வேறு மரமாக இருந்து நிறம் ஒட்டாவிட்டால் மட்டும் அந்த ஒன்றுக்கு ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தை மிக நீர்க்கத் தடவலாம்.

பூச்சில் உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதுதான் சரி. இந்த ரைஃபிளுக்கு ஆளிவிதை எண்ணெய். பாலியூரிதேன் நீரை இதைவிட நன்றாகத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது மேலே நிற்கும் ஒரு படலம். ஒரு மூலையில் பெயர்ந்தால் அதன் வழியே ஈரம் அடியில் பரவி வெள்ளையாகப் பூக்கும். அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் கீறல் விழுந்தால் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தால் போதும். ஈரத்தை அது கொஞ்சம்தான் தடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள். நீர் படும் இடத்தில் அடிக்கடி புழங்குவீர்கள் என்றால் சுத்தமான டங் எண்ணெய் மேல், ஆனால் ஒரு பூச்சு காய 2, 3 நாள் ஆகும்.

ஆளிவிதை எண்ணெயில் பச்சை, காய்ச்சியது என்று இரண்டு உண்டு. பச்சை எண்ணெய் ஒரு பூச்சுக்கு ஒரு வாரமும் எடுக்கும், காற்றில் ஈரம் இருந்தால் அதற்கு மேலும். காய்ச்சியது என்று விற்பதில் உலோக உப்பு உலர்த்திகள் சேர்த்திருப்பார்கள், ஒரு நாளில் காயும். பச்சை எண்ணெயை நீங்களே அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அது இதுவாக மாறாது, தீ விபத்துதான் மிஞ்சும். கடையில் விற்கும் காய்ச்சிய எண்ணெய் 250 மில்லி வாங்குங்கள், எல்லாக் கட்டைக்கும் போக மிஞ்சும்.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. துணியால் தாராளமாகத் தடவி, குடிக்கிற இடத்தில் மேலும் விட்டு, 20 நிமிடம் கழித்து ஒரு சொட்டு கூட மேலே நிற்காமல் துடைத்தெடுங்கள். 2 நாள் விடுங்கள். அடுத்த பூச்சுகள் கலப்பில்லாத எண்ணெய். ஒரு கட்டைக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். உள்ளங்கையால் மரம் சூடேறும்வரை தேய்த்து, பத்து நிமிடத்தில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இந்த எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டியாகிறது. தடிமனாக விட்டால் மேல்தோல் முதலில் இறுகி அடியில் காற்று போகாமல் அடைத்துவிடும். அப்படித்தான் சுருக்கமும் பிசுபிசுப்பும் வருகின்றன. அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டதா என்று அறிய நைலான் அட்டையால் ஓரத்தில் லேசாக உரசுங்கள். வெள்ளைப் பொடி வந்தால் காய்ந்துவிட்டது, அட்டையில் ஒட்டினால் இன்னும் ஒரு நாள். 4 முதல் 6 பூச்சில் மங்கலான பளபளப்பு வரும். அதற்குமேல் பூசுவது ராணுவக் கட்டையை மேசை அலங்காரமாக்கும் வேலை.

உள்பக்கத்தை யாரும் பூசுவதில்லை, ஈரம் உள்ளே போவதோ அங்கேதான். குழல் ஓடும் பள்ளம், பின்தகட்டுக்கு அடியில் இருக்கும் வெட்டுமுகம், சாக்கெட்டுக்குள் போகும் முனை எல்லாவற்றுக்கும் மெல்லிதாக இரண்டு பூச்சு போடுங்கள். தேங்க விடாதீர்கள். பள்ளத்தில் திரண்டு காய்ந்த எண்ணெய் குழலை ஒரு பக்கமாகத் தள்ளும், குறி மாறும்.

எண்ணெய்த் துணிகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கெட்டியாகும்போது வெப்பம் வெளியாகும். கசக்கிப் போட்ட துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்தவுடன் ஒவ்வொரு துணியையும் வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடுங்கள். குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

கடைசிப் பூச்சுக்கு ஒரு வாரம் கழித்துப் பூட்டலாம். மரத்துக்குள் மறையும் உலோகத்தில் எண்ணெய்க்குப் பதில் மெழுகு தடவுங்கள். முதலில் பின்கட்டை. ஸ்டாக் போல்ட் நன்றாக இறுகியதும் அதன் சதுரமுனை தகட்டின் காடிக்கு நேராக நிற்க வேண்டும். பிறகு முன்கட்டையை நேராக அமுக்கி, டிரிகர் கார்டின் முன்திருகை இறுக்குங்கள். முளையும் ஸ்பிரிங்கும் மறந்துபோகும் இடம் இதுதான். ஒரு மாதம் கழித்துத் திருகுகளைத் திரும்பப் பாருங்கள், மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும். சுடுவதற்கு முன் ரிசீவரையும் போல்ட்டையும் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநரிடம் காட்டுங்கள். சுடும்போது குறியைப் புதிதாகச் சரிபார்த்தாக வேண்டும், பழைய குறி அப்படியே இருக்காது. எடுத்து வைக்கும்போது குழல்முனை கீழ்நோக்கி இருக்கட்டும். அப்படி வைத்தால் உபரி எண்ணெய் குழல் வழியே வடியும், முன்கட்டையின் பின்முனைக்கு வராது. துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைத்தால் ஈரம் தேங்கி, இந்த எண்ணெய்ப் பூச்சின் மேலேயே பூஞ்சை பிடிக்கும்.

உங்கள் தச்சருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உதை தாங்கும் பரப்பு நசுங்கியிருந்தால், செத்த மரத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, நன்கு உலர்ந்த கடினமரத் துண்டைப் பதிக்க வேண்டும். அதன் ரேகை முன்கட்டையின் ரேகைப் போக்கிலேயே போக வேண்டும். குறுக்கே வைத்தால் அதுவும் சீக்கிரமே நசுங்கிவிடும். துண்டை எபாக்சியில் ஒட்டி, அரை மில்லிமீட்டர் உயரமாக விடச் சொல்லுங்கள். ரிசீவரின் அந்த முகத்தில் மெழுகுவர்த்திப் புகையைப் பிடித்து முன்கட்டையை உட்கார வைத்தால், முட்டும் இடத்தில் கரி ஒட்டும். கரி பட்ட இடத்தை மட்டும் சீவ வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், முழுப் பரப்பிலும் கரி ஒட்டும்வரை இதைத் தொடர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் அடுத்த விரிசல் அந்தப் பக்கம் வரும். நல்ல உளி பிடிக்கத் தெரிந்த கைக்கு இது அரை நாள் வேலை. அவரிடம் மரத்தை மட்டும் கொடுங்கள். ரிசீவரை அவர் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். உரிமம் இல்லாதவர் பொறுப்பில் அதை ஒரு மணி நேரம் வைத்தாலும் சட்டச் சிக்கலில் மாட்டுபவர் உரிமதாரரான நீங்கள்தான். பொருத்திப் பார்க்கும் நேரத்தில் நீங்களே கொண்டுபோய், கூடவே இருந்து, திருப்பிக் கொண்டு வாருங்கள்.